கட்சித் தலைமைக்கு நிற்பவரிடம் கேள்வி கேட்பது எப்படி?

சிங்கப்பூரில் பொதுத் தேர்தல் நேரத்தில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வரும் வேட்பாளரிடம் மின்தூக்கி அடிக்கடி பழுதாவதைப் பற்றிக் கேட்போம், கார் வாங்கத் தேவையான சிஓஇ சான்றிதழின் விலையைப் பற்றிக் கேட்போம். அது நமக்குப் பழகிப்போன வேலை. ஒரு கட்சிக்குத் தலைமை தாங்க நிற்பவரைக் கேள்வி கேட்பது அப்படியல்ல. அடுத்த தேர்தலில் யார் எங்கே நிற்பது, எந்தத் தொகுதியை விட்டுக்கொடுப்பது, கட்சிக்குள் தவறு செய்தவரை யார் விசாரிப்பது, கட்சிப் பணம் எங்கே போவது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அவர் கேட்கிறார். அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துவார் என்பதைத்தான் அவரிடம் கேட்டறிய வேண்டும்.

நம் நாட்டில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று அதிபர் கருதும் உறுப்பினரையே பிரதமராக நியமிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு. நடைமுறையில், ஆளும் கட்சி யாரைத் தலைவராக ஏற்கிறதோ அவரே பிரதமர். 1990 நவம்பரில் லீ குவான் இயூவிடமிருந்து கோ சோக் டோங்குக்கும், 2004 ஆகஸ்டில் அவரிடமிருந்து லீ சியன் லூங்குக்கும், 2024 மே 15ஆம் தேதி லாரன்ஸ் வோங்குக்கும் பொறுப்பு கைமாறியது. இந்த மூன்று மாற்றங்களும் இரண்டு பொதுத் தேர்தல்களுக்கு இடையில்தான் நடந்தன. புதிய பிரதமர் தலைமையில் நாடு வாக்களித்தது 1991, 2006, 2025 ஆண்டுகளில். அதற்கு முன் அவரைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு யாருக்காவது இருந்தது என்றால், அது கட்சிக்குள் இருந்தவர்களுக்குத்தான்.

முதலில், வாக்கு யார் கையில்?

கேள்வியைத் தயாரிக்கும் முன் கட்சியின் அமைப்பு விதிகளைப் படியுங்கள். நம் நாட்டில் அரசியல் கட்சிகள் சங்கங்களாகப் பதிவு செய்யப்பட்டவை. எல்லாக் கட்சிக்கும் எழுதப்பட்ட விதிகள் உண்டு. கிளைச் செயலாளரிடம் ஒரு பிரதி கேளுங்கள். தர மறுத்தால் அதுவே உங்கள் முதல் கேள்விக்கான பொருள்.

ஆளும் மக்கள் செயல் கட்சியில் சாதாரண உறுப்பினருக்குக் கட்சித் தலைமையைத் தேர்ந்தெடுக்க வாக்கு கிடையாது. கேடர் என்ற தகுதியைப் பெற்றவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநாட்டில் கூடி மத்திய செயற்குழுவுக்கு 12 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் செயற்குழு கூடி, கட்சிக்குத் தலைமை தாங்கும் தலைமைச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறது. 2024 நவம்பர் 24ஆம் தேதி மாநாடு நடந்தது. டிசம்பர் 4ஆம் தேதி லாரன்ஸ் வோங் தலைமைச் செயலாளர் ஆனார். கேடர் முறை வந்ததற்கு வரலாறு உண்டு. 1957 ஆகஸ்டில் நடந்த உட்கட்சித் தேர்தலில் இடதுசாரிகள் செயற்குழுவின் பாதி இடங்களைப் பிடித்தார்கள். லீ குவான் இயூ பொறுப்பேற்க மறுத்துவிட, வழக்கறிஞர் டி.டி. ராஜா சிறிது காலம் தலைமைச் செயலாளராக இருந்தார். கட்சி மறுபடி கைநழுவிவிடக் கூடாது என்பதற்காகவே வாக்குரிமையைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் கொடுக்கும் முறை அதன் பிறகு கொண்டுவரப்பட்டது.

எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியிலும் கேடர்களுக்குத்தான் வாக்கு. ஆனால் அங்கே அவர்கள் தலைமைச் செயலாளரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2016 மே 29ஆம் தேதி லோ தியா கியாங்கை எதிர்த்து சென் ஷாவ் மாவ் நின்றார். லோவுக்கு 61, சென்னுக்கு 45. மொத்தம் 106 வாக்குகள் என்பதைக் கவனியுங்கள். எட்டே பேர் மனம் மாறியிருந்தால் 53க்கு 53 என்று சமமாகியிருக்கும். இவ்வளவு சிறிய வாக்காளர் கூட்டத்தில் ஒரு நல்ல கேள்விக்குக் கிடைக்கும் பலம் பொதுத் தேர்தலில் ஒருபோதும் கிடைக்காது.

இன்னோர் எதிர்க்கட்சியான சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியில் செயற்குழுவே தலைமைச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறது. 2019 முதல் 2025 வரை டான் செங் போக், பிரான்சிஸ் யுவென், லியோங் மன் வாய், ஹேசல் புவா என்று நால்வர் அந்தப் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். லியோங் இரண்டு முறை.

சில வேளைகளில் வாக்குச்சீட்டே இருக்காது. அடுத்த பிரதமராக எதிர்பார்க்கப்பட்ட ஹெங் சுவீ கியட் 2021 ஏப்ரலில் ஒதுங்கிக்கொண்ட பிறகு, அடுத்த தலைவரைக் கண்டறியும் பொறுப்பு முன்னாள் அமைச்சர் கோ பூன் வானிடம் தரப்பட்டது. அவர் 19 பேரைத் தனித்தனியாகச் சந்தித்துக் கருத்துக் கேட்டார். 15 பேர் லாரன்ஸ் வோங்கைச் சொன்னார்கள். வேறு யாருக்கும் இரண்டு பேருக்கு மேல் ஆதரவு இல்லை. 2022 ஏப்ரலில் முடிவு அறிவிக்கப்பட்டது. கருத்தொற்றுமையை அறிய இது நல்ல வழி. ஆனால் இந்த முறையில் கேள்வியை எதிர்கொண்டவர்கள் தேர்ந்தெடுக்கிறவர்கள்தான். தேர்ந்தெடுக்கப்படுபவர் எல்லார் முன்னிலையிலும் நின்று பதில் சொல்லும் கட்டம் அதில் கிடையாது.

ஆகவே உங்கள் நிலையை அறிந்துகொள்ளுங்கள். கேடர் என்றால் நேரே வேட்பாளரிடம் கேளுங்கள். சாதாரண உறுப்பினர் என்றால், உங்கள் கிளையில் வாக்குள்ளவர் யார் என்று விசாரித்து, கேள்வியை எழுதி அவர் கையில் கொடுங்கள். அவர் வாக்களிக்கும் முன் பதில் தெரிந்தாக வேண்டும்.

கூட்டத்தின் நேரக் கணக்கு

கேள்விக் கூட்டத்தை ஏற்பாடு செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. மண்டபம் 90 நிமிடத்துக்குக் கிடைக்கிறது, மூன்று பேர் போட்டியிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க உரை ஆளுக்கு 5 நிமிடம், முடிவுரை ஆளுக்கு 3 நிமிடம்: 24 நிமிடம் போயிற்று. வரவேற்பு, அறிவிப்பு, ஒலிவாங்கியைக் கைமாற்றுவது எல்லாம் சேர்ந்து 6 நிமிடம். மிச்சம் ஒரு மணி நேரம்.

ஒரு கேள்விக்கு 45 விநாடி, ஒவ்வொருவர் பதிலுக்கும் ஒன்றரை நிமிடம் என்றால், ஒரு சுற்றுக்கு ஐந்தே கால் நிமிடம். அரங்கில் எத்தனை பேர் இருந்தாலும் மொத்தம் 11 கேள்விதான் கேட்க முடியும். கேட்பவர் மூன்று நிமிடம் பேசினால் அது 8 ஆகிவிடும். ஒவ்வொரு வேட்பாளரிடமும் ஒரு தொடர்கேள்வி கேட்க 20 விநாடி, அதற்குப் பதில் சொல்ல 40 விநாடி ஒதுக்கினால் 7 சுற்று.

நாங்கள் பரிந்துரைப்பது அந்த 7ஐத்தான். தொடர்கேள்வி இல்லாத 11 கேள்விகளில் வேட்பாளர்கள் மனப்பாடம் செய்து வந்த 33 சிற்றுரைகள்தான் கிடைக்கும். தொடர்கேள்வியோடு வரும் ஏழில் சில உண்மையான பதில்கள் கிடைக்கும். தொடக்க உரையை 5 நிமிடத்திலிருந்து 3 ஆகக் குறைத்தால் இன்னும் 6 நிமிடம் மிச்சமாகும். அதையும் தொடர்கேள்விக்கே கொடுங்கள்.

வேட்பாளர் எண்ணிக்கை கூடக் கூட இது முடியாத காரியமாகிவிடும். 2024 செப்டம்பரில் ஜப்பானின் ஆளும் கட்சியான மிதவாத ஜனநாயகக் கட்சியின் தலைமைக்கு ஒன்பது பேர் நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் மட்டுமே பேசினாலும், ஒரே கேள்வி கிட்டத்தட்டப் பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட கூட்டத்தில் எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற விதியைக் கைவிட வேண்டும். ஒரு கேள்விக்கு மூன்று பேர் என்று சீட்டுக் குலுக்கி எடுக்கலாம்.

பதில் சொல்லும் வரிசையை ஒவ்வொரு கேள்விக்கும் மாற்றுங்கள். எப்போதும் கடைசியில் பேசுபவர் மற்றவர்களின் பதிலைக் கேட்டு, அதில் நல்லதை எடுத்துக்கொண்டு, ஓட்டையைச் சுட்டிக்காட்டிவிட்டு உட்காருவார். முதலில் பேசுபவருக்கு அந்த வசதி இல்லை. கடிகாரத்தை வேட்பாளர் பார்க்கும் இடத்தில் வையுங்கள். நேரம் முடிந்ததும் மணி அடிக்கும் பொறுப்பை நெறியாளரிடம் விடாதீர்கள், வேறொருவர் அடிக்கட்டும். அமைச்சராகவோ நாடாளுமன்ற உறுப்பினராகவோ இருக்கிற ஒருவர் பேசும்போது நெறியாளருக்கு மணியடிக்கக் கை வராது.

கேள்விச் சீட்டுகளை யார் பிரிப்பது என்பது இன்னும் முக்கியம். வேட்பாளர்கள் யாருக்கும் வேலை செய்யாத இருவர், ஒரே தலைப்பில் வந்தவற்றைச் சேர்த்து அடுக்க வேண்டும். கேள்வியின் சொற்களை மாற்றும் உரிமை அவர்களுக்கு இருக்கக் கூடாது. பல கூட்டங்கள் இங்கேதான் கெடுகின்றன. காரமான கேள்வி பெட்டிக்குள் போகும், மழுங்கிய கேள்வியாக வெளியே வரும். கேட்டவருக்கே அது தன்னுடையது என்று அடையாளம் தெரியாது.

ஒரு கேள்வியை இழைத்துப் பார்ப்போம்

பெரும்பாலோர் மனத்தில் முதலில் தோன்றும் கேள்வி இது:

“அடித்தள உறுப்பினர்களின் குரலுக்கு நீங்கள் மதிப்புக் கொடுப்பீர்களா?”

இதற்கு இல்லை என்று சொல்லும் வேட்பாளர் உலகத்திலேயே கிடையாது. எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லக்கூடிய கேள்வி, அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க உதவாது. கொஞ்சம் இழைப்போம்:

“வேட்பாளர் தேர்வில் கிளைகளைக் கலந்தாலோசிப்பீர்களா?”

பொருள் குறுகிவிட்டது, இப்போது ஓர் அதிகாரத்தைத் தொடுகிறது. ஆனால் “கண்டிப்பாகக் கலந்தாலோசிப்பேன்” என்ற பதிலோடு முடிந்துவிடும். ஒரு தொலைபேசி அழைப்பும் கலந்தாலோசனைதான். இன்னும் இழைக்க வேண்டும்:

“ஒரு தொகுதியில் யாரை நிறுத்துவது என்று முடிவாவதற்கு முன், அந்தத் தொகுதிக் கிளையின் கருத்தை எழுத்தில் வாங்குவீர்களா?”

இப்போது எப்போது என்பது இருக்கிறது, யாரிடம் என்பது இருக்கிறது, எந்த வடிவில் என்பதும் இருக்கிறது. ஆம் என்று சொல்லிவிட்டு அவர் செய்யாவிட்டால் அடுத்த மாநாட்டில் கிளைச் செயலாளர் எழுந்து “எங்களிடம் யாரும் எழுத்தில் கேட்கவில்லை” என்று சொல்ல முடியும். இதோடு சேர்த்துக் கேட்கத் தோன்றும் இன்னொன்று: “கிளை வேண்டாம் என்று சொன்னவரை நிறுத்தினால், காரணத்தைக் கிளைக்குச் சொல்வீர்களா?” அதை இப்போது கேட்காதீர்கள். இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டால், வேட்பாளர் எளிதானதைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் பதில் சொல்வார். இரண்டாவதைத் தொடர்கேள்வியாகக் கையில் வைத்திருங்கள்.

இழைக்கும்போது மூன்றைச் சரிபார்க்க வேண்டும். கேட்கும் விஷயம் தலைவர் தாமே முடிவு செய்யக்கூடியதா? இரண்டு ஆண்டுக்குள், அதாவது அடுத்த உட்கட்சித் தேர்தலுக்குள், செய்தாரா இல்லையா என்று பார்க்க முடியுமா? 45 விநாடியில் வாய்விட்டுப் படிக்க முடியுமா? முதலாவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பொருள் சேவை வரியைக் குறைப்பீர்களா, மத்திய சேமநிதி விதியை மாற்றுவீர்களா என்று கட்சித் தலைமைக்கு நிற்பவரிடம் கேட்பது நியாயமான ஆவல். ஆனால் அவர் சொல்லும் பதிலை அமைச்சரவை, நிதி நிலைமை, அடுத்த பொதுத் தேர்தல் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். கட்சி விதியை எப்படிக் கையாள்வார் என்பதோ நாளைக் காலையிலிருந்தே அவர் கையில்.

நல்ல கேள்விக்கான இடங்கள் எங்கே என்பதற்கு 2025 பொதுத் தேர்தலே பாடம். வேட்புமனுத் தாக்கல் நாளான ஏப்ரல் 23ஆம் தேதி பாட்டாளிக் கட்சி மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் (பலர் ஓர் அணியாகச் சேர்ந்து நிற்கும் தொகுதி) நிற்கவில்லை. 2015இலும் 2020இலும் மரின் பரேடில் போட்டியிட்ட கட்சி அது. மக்கள் செயல் கட்சி போட்டியின்றி வென்றது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களுக்கு அந்தத் தேர்தலில் வாக்களிக்கும் வாய்ப்பே இல்லை. ஆள்பலத்தை எங்கே குவிப்பது என்ற கணக்கில் அந்த முடிவுக்கு ஆதரவாகவும் வாதாடலாம். எந்த எதிர்க்கட்சியின் தலைமைக்கு நிற்பவரிடமும் இப்படிக் கேட்க முடியும்: “நாம் பல ஆண்டு வீடுவீடாகப் போன தொகுதியை விடுவது என்று முடிவெடுத்தால், அங்கே உழைத்த தொண்டர்களுக்கு வேட்புமனு நாளுக்கு எத்தனை நாள் முன்பு சொல்வீர்கள்?” எண்ணிக்கையில் பதில் வர வேண்டிய கேள்வி. “சூழ்நிலையைப் பொறுத்தது” என்பதும் ஒரு பதில்தான். தொண்டருக்கு முன்கூட்டிச் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதை அது காட்டிவிடும்.

இப்படிப்பட்ட மற்ற இடங்கள்: மும்முனைப் போட்டியைத் தவிர்க்கப் பிற கட்சிகளோடு பேச யாரை அனுப்புவார், நாடாளுமன்ற உறுப்பினர்மீது புகார் வந்தால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் அவரே உட்காருவாரா, தோற்றுப்போன எதிர் வேட்பாளருக்குச் செயற்குழுவில் இடம் உண்டா, எந்த நிலை வந்தால் தாமே விலகுவார். நகர மன்றத்தை நடத்தும் கட்சி என்றால் கணக்காய்வில் குறை வந்தால் யார் பொறுப்பு என்பதையும் கேட்க வேண்டும். கட்சி நிதி பற்றிய கேள்வியைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். கிளைக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று கேட்பதில் எந்த அநாகரிகமும் இல்லை.

தமிழ் பற்றிய கேள்விக்கும் இதே அளவுகோல்தான். “தமிழுக்கு என்ன செய்வீர்கள்?” என்றால் நான்கு அதிகாரத்துவ மொழிகள், நம் பாரம்பரியம் என்று ஒன்றரை நிமிடம் இனிமையாக ஓடும். “அடுத்த தேர்தல் அறிக்கையின் முழுத் தமிழ் வடிவம் ஆங்கில வடிவத்தோடு அதே நாளில் வெளிவருமா?” என்று கேளுங்கள். தலைவர் நினைத்தால் நடக்கும், நாள்காட்டியைப் பார்த்துச் சரிபார்க்கலாம். 1988இல் வந்த குழுத்தொகுதி முறைப்படி ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருந்தாக வேண்டும். அந்த இடத்துக்கு வருபவரைக் கட்சி எத்தனை மாதம் முன்பே தொகுதியில் இறக்குகிறது என்பதும் இந்தியச் சமூகம் கேட்க வேண்டிய கேள்வி. கடைசி வாரத்தில் அறிமுகமாகும் முகத்தைப் பார்த்து நாம் பலமுறை புருவம் உயர்த்தியிருக்கிறோம். தலைமைக்கு நிற்பவரிடம் அதைக் கேட்டவர்கள் குறைவு.

நழுவும் பதிலைப் பிடிப்பது

கேள்வி எவ்வளவு கூர்மையானாலும் முதல் பதில் பெரும்பாலும் நழுவலாகத்தான் வரும். அவர்கள் பேசிப் பழகியவர்கள். நழுவும் வழிகள் சிலவே. கேட்டதும் அடையாளம் காணப் பழகிக்கொள்ளலாம்.

“அருமையான கேள்வி, இதைத்தான் நானும் பல நாளாகச் சிந்தித்துக்கொண்டிருக்கிறேன்” என்று தொடங்கி, சிந்தித்ததன் முடிவைச் சொல்லாமலே முடிப்பார்கள். தொடர்கேள்வி: “சிந்தித்து எந்த முடிவுக்கு வந்தீர்கள்?”

“ஒரு குழு அமைத்து ஆராய்வேன்” என்பது இரண்டாவது. குழு அமைப்பது தவறில்லை. “அதில் எத்தனை பேர், எந்த மாதம் அறிக்கை வரும், உறுப்பினர்கள் அதைப் படிக்கக் கிடைக்குமா?” என்று கேட்டுவிடுங்கள். மூன்றில் ஒன்றுக்காவது நேரான பதில் வந்தால் குழு உண்மையிலேயே அமையும் என்று எதிர்பார்க்கலாம்.

கேட்டதை விட்டுவிட்டுப் பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எல்லாவற்றிலும் திறமையான நழுவல். தொண்டருக்கு எத்தனை நாள் முன்பு சொல்வீர்கள் என்றால், தொண்டர்களின் தியாகத்தைப் பற்றி மனம் உருகப் பேசுவார். கைதட்டல் எழும். கைதட்டல் ஓய்ந்த பிறகு அதே கேள்வியை அதே சொற்களில், குரலை உயர்த்தாமல், இன்னொரு முறை கேளுங்கள்: “நன்றி ஐயா. எத்தனை நாள் முன்பு?” விளக்கம் சேர்க்காதீர்கள். சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு இன்னொரு கதவைத் திறந்துவிடும். இரண்டாவது முறையும் பதில் வராவிட்டால் உட்கார்ந்துவிடுங்கள். மூன்றாவது முறை கேட்டால் அரங்கின் பரிவு அவர் பக்கம் போய்விடும். இரண்டு முறை கேட்டும் சொல்லவில்லை என்பது அதற்குள் எல்லாருக்கும் பதிவாகியிருக்கும்.

மரியாதை முக்கியம். கட்சிக்கு நாற்பது ஆண்டு உழைத்த மூத்தவராக இருக்கலாம், உங்கள் தந்தை வயதாக இருக்கலாம். “ஐயா”, “அம்மா” என்று அழைப்பதால் கேள்வியின் கூர்மை குறைவதில்லை. நம்மவர்களில் பலர் மரியாதைக்காகக் கேள்வியையே மென்மையாக்கிவிடுகிறார்கள். அழைக்கும் விதத்தில் மென்மை போதும்.

நாமே செய்யும் பிழைகளும் உண்டு. கேள்வி என்று எழுந்து உரையாற்றுவது முதல் பிழை. “உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும்...” என்று தொடங்கும் முன்னுரையை முழுக்க வெட்டுங்கள். “நீங்கள் தலைவராகி, பொருளாதாரமும் சரிந்து, அப்போது...” என்ற கற்பனைக் கேள்விக்குக் கற்பனைப் பதில்தான் வரும். நடந்த ஒன்றைப் பற்றி, “அந்தச் செயற்குழுக் கூட்டத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள், ஏன்?” என்று கேட்பது பத்து மடங்கு பயன் தரும். ஒரு வேட்பாளரின் ஆதரவாளர் அவரிடமே எழுதிக் கொடுத்த கேள்வியைக் கேட்பதும் நடக்கும். பதில் தாளைப் பார்த்து வந்தால் சந்தேகப்படலாம்.

நறுக்கென்ற கேள்விகளில் எச்சரிக்கை தேவை. 2022 கோடையில் பிரிட்டனின் பழமைவாதக் கட்சித் தலைமைக்கு லிஸ் டிரஸ்ஸும் ரிஷி சுனக்கும் போட்டியிட்டார்கள். கட்சி உறுப்பினர்கள் முன்னிலையில் நாடு முழுவதும் 12 கேள்விக் கூட்டங்கள் நடந்தன. ஆகஸ்ட் 25ஆம் தேதி நாரிச் கூட்டத்தில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் நண்பரா எதிரியா என்று டிரஸ்ஸிடம் கேட்கப்பட்டது. தீர்ப்பு இன்னும் வரவில்லை என்றார். அரங்கம் ரசித்தது, மறுநாள் செய்தியானது. வரியைக் குறைத்தால் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று சுனக் வாரக்கணக்கில் சொல்லிவந்ததற்கு அத்தனை கைதட்டல் கிடைக்கவில்லை. டிரஸ் 81,326 வாக்கு, சுனக் 60,399. செப்டம்பர் 23ஆம் தேதி டிரஸ்ஸின் அரசாங்கம் அந்த வரிக் குறைப்பை அறிவித்தது. சந்தைகள் கலங்கின, பவுண்டு சரிந்தது. பதவியேற்ற 49ஆம் நாள் அவர் வெளியேறினார். 12 கூட்டம் நடத்தியும், தங்களுக்குப் பிடித்ததை வேட்பாளர் எப்படி நிறைவேற்றுவார் என்பதில் வாக்காளர்கள் அழுத்தம் கொடுக்கவில்லை என்பதே எங்கள் கணிப்பு. கட்சிக்காரர்கள் மட்டும் கூடும் அரங்கில் இது எப்போதும் உள்ள ஆபத்து. நீங்கள் மனதார ஆதரிக்கும் வாக்குறுதியைத்தான் கடுமையாகக் கேள்வி கேட்க வேண்டும்; மற்றவற்றை எதிரணி கேட்டுக்கொள்ளும்.

சட்டம், மொழி

கேள்வி வடிவில் சொன்னாலும் அவதூறு அவதூறுதான். “நீங்கள் கிளைப் பணத்தை எடுத்தது உண்மையா?” என்று ஆதாரமில்லாமல் அரங்கில் கேட்டால், கேள்விக்குறி உங்களைக் காப்பாற்றாது. நாடாளுமன்றத்துக்குள் பேசுவதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு கட்சிக் கூட்டத்துக்குக் கிடையாது. “சென்ற ஆண்டுக் கிளைக் கணக்கில் இந்தச் செலவுக்கு ரசீது இல்லை என்று கணக்காய்வாளர் எழுதியிருக்கிறார். அதை யார் சரிசெய்வது?” என்று கையில் உள்ள தாளைக் காட்டிக் கேளுங்கள். இனம், சமயம் பற்றிக் கேட்கும்போதும் ஒரு சமூகத்தைப் பற்றிய தீர்ப்பைக் கேள்விக்குள் நுழைக்காமல், கட்சியின் நடைமுறையைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

தமிழில் கேட்க விரும்பினால் கேளுங்கள். அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: மொழிபெயர்த்துச் சொல்லும்போது உங்கள் 45 விநாடி ஒன்றரை நிமிடமாகும். நெறியாளர் அவசரப்பட்டு மொழிபெயர்ப்பைச் சுருக்கச் சொல்வார். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது “எத்தனை நாள் முன்பு”, “எழுத்தில்” போன்ற சொற்கள்தான். எனவே தமிழ்க் கேள்வி இரண்டு வரிக்குள் இருக்கட்டும். ஆங்கில வடிவத்தை நீங்களே எழுதி, கூட்டம் தொடங்கும் முன் நெறியாளரிடம் ஒன்றும் மொழிபெயர்ப்பவரிடம் ஒன்றும் கொடுத்துவிடுங்கள். தாளில் உள்ளதை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். பதிலையும் தமிழில் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். அரங்கில் மூத்தவர்கள் சிலர் அதற்காகவே காத்திருப்பார்கள்.

போட்டியே இல்லாவிட்டால்

நம் கட்சிகளில் இதுவே அதிகம். 2018 ஏப்ரலில் பிரித்தம் சிங் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளரானபோது அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஒருவரே நிற்கிறார் என்றால் கேள்விக் கூட்டத்தை ரத்து செய்துவிடுவது வழக்கம். கூடாது. ஒப்பிட எதிராளி இல்லாத தலைவர் வேறு யாரிடமிருந்தும் கேள்வியை எதிர்கொள்ளப்போவதில்லை. அப்போது கூட்டமும் எளிது: ஒரே வேட்பாளருக்கு ஒரு மணி நேரம் என்றால், முன்பு சொன்ன அளவில் ஒரு கேள்விக்கும் தொடர்கேள்விக்கும் மூன்றே கால் நிமிடம். 18 கேள்வி கேட்கலாம்.

கூட்டத்துக்கு இசையாவிட்டால் எழுத்தில் அனுப்புங்கள். ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். பத்து அனுப்பினால் எளிதான நான்குக்குப் பதில் வரும். ஒவ்வொரு கேள்வியும் தனிப் பத்தியாக, எண்ணிட்டு, கிளை உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து கையெழுத்திட்டு, மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். பதில் கேட்கும் தேதியைக் குறிப்பிடுங்கள். ஒரு பிரதியைத் தற்போதைய தலைவருக்கும் கட்சித் தலைமையகத்துக்கும் அனுப்பினால், “எனக்கு வரவில்லை” என்ற பேச்சு எழாது.

நேரில் சொன்ன பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ள இருவரை நியமியுங்கள். ஒருவர் மட்டும் எழுதினால் பிறகு தகராறு வரும். சுருக்கம் எழுதுகிறவர்கள் அறியாமலே பதிலைச் செம்மைப்படுத்திவிடுவார்கள். “பார்க்கலாம்” என்று சொன்னது “செய்வதாக உறுதியளித்தார்” என்று பதிவாகிவிடும். கேள்வி, முதல் பதில், தொடர்கேள்வி, இரண்டாம் பதில் என்று நான்கு கட்டம் போட்ட தாள் போதும். பதில் வராத இடத்தில் “பதில் சொல்லவில்லை” என்று எழுதித் தேதியிடுங்கள். கிளைச் செயலாளரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்து மாநாட்டு அறிவிப்பு வரும்போது, அந்தத் தாளில் நிறைவேறாதவற்றை மட்டும் குறித்து, அதே சொற்களில் மறுபடி அனுப்புங்கள்.